குடிலுக்குள் செட்டியார்

கூட்டம் என்றாலே எனக்கு ஒவ்வாது. கல்லூரியில் சேர்ந்த ஒரே சங்கத்திலிருந்து இரண்டாவது கூட்டத்துக்கு முன்பே விலகிவிட்டேன். கடற்கரையில் காலை நேரத்தில் சேர்ந்து சிரிக்கும் குழுவில் மூன்று நாள் சிரித்துப் பார்த்தேன். நான்காம் நாள் அழுகை வந்தது. கூட்டத்தில் சேரும் மனிதன் மூளையைச் செருப்போடு வாசலில் விட்டுவிடுகிறான் என்று விளக்கும் புத்தகங்கள் என் அலமாரியில் இரண்டு தட்டு நிறைய இருக்கின்றன. இப்படிப்பட்டவனுக்கு, ‘நான்’ என்ற சொல்லையே கைவிட்ட ஒரு மகள்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. டிசம்பர் பிறந்தால் சாரம் பகுதியில் எங்கள் தெருப் பிள்ளைகள் தெருமுனையில் கிறிஸ்துமஸ் குடில் போடுவார்கள். தெருவில் பாதி வீடு மாதா கோயிலுக்குப் போகும், பாதி வீடு மாரியம்மன் கோயிலுக்குப் போகும். குடில் வேலைக்கு மட்டும் எல்லா வீடும் வரும். சாக்கைப் பசையில் முக்கி மலை செய்வது, தட்டில் கேழ்வரகு விதைத்துப் புல் வளர்ப்பது, முறை வைத்து அதற்குத் தண்ணீர் தெளிப்பது. பள்ளி விட்டால் ஏழு பிள்ளைகளும் அங்கேதான். ஒரு வீட்டில் அடை சுட்டால் ஏழாகப் பிய்யும். ஒருவருக்குத் திட்டு விழுந்தால் ஏழு மூஞ்சியும் தொங்கும்.

ஒரு சாயங்காலம் மகள் ஓடி வந்தாள். “அப்பா, நாங்க கீழ விழுந்துட்டோம். மூணு தையல்.”

பதறிப்போய் அவள் முட்டி, முழங்கை, மண்டை எல்லாவற்றையும் தேடினேன். ஒரு கீறல்கூட இல்லை.

“யாருக்குடி தையல்?”

“எங்களுக்குத்தான். எதிர்வீட்டு அக்கா கால்ல.”

அந்த அக்காதான் குடிலுக்குத் தலைவி. மாதா கோயில் வீட்டுப் பெண், பதினாலு வயது. கோயிலில் தெருக் குடில்களுக்குப் போட்டி வைத்து ஒரு கேடயம் கொடுப்பார்கள். முந்தைய இரண்டு வருஷமும் எங்கள் தெருவுக்கு இரண்டாம் இடம். பதினாலு வயதுக்கு மேல் போட்டியில் சேர முடியாது என்பதால் அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். கேடயம் வைக்க டிவி பக்கத்தில் இடம்கூட ஒழித்துவிட்டாளாம். அவள் அம்மா சொல்லிச் சிரித்தார்.

சிக்கல் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியது. கொலு முடிந்து தூங்கிக்கொண்டிருந்த செட்டியார் பொம்மையை, சம்சாரம் சகிதமாக, மகள் குடிலில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டாள். பெத்லகேமில் மளிகைக் கடை இல்லாவிட்டால் இடையர்கள் அரிசிக்கு எங்கே போவார்கள் என்று ஏழு பேரும் கூடி யோசித்த யோசனை அது. தொப்பையும் விபூதியுமாகச் செட்டியார் மூன்று ராஜாக்களுக்குப் பக்கத்தில் பருப்பு விற்றுக்கொண்டிருந்தார்.

போட்டிக்கு முதல் நாள் கோயில் குழுவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். குடில் பிரமாதம், செட்டியாரை மட்டும் எடுத்துவிட்டால் இந்த வருஷம் கேடயம் உங்களுக்குத்தான் என்று பிள்ளைகள் காதில் போட்டுவிட்டுப் போனார்.

விவேகி அல்லவா நான்? மகளைத் தனியாக அழைத்தேன். உன் பொம்மைதானே, நீயே எடுத்து வந்துவிடு, அக்காவுக்குக் கேடயம் கிடைக்கும் என்றேன். இதைவிட நியாயமான பேச்சு அந்த வாரத்தில் யாரும் பேசியிருக்க முடியாது.

“அது என் பொம்மை இல்லப்பா,” என்றாள்.

இருந்தாலும் போய்ச் சொல்லியிருக்கிறாள். மாடியிலிருந்து பார்த்தேன். ஏழு தலைகள் கூடின. பிறகு எதிர்வீட்டுப் பெண் தையல் போட்ட காலை நீட்டிக் குடில் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கையை விட்டுச் செட்டியாரைத் தூக்கினாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். துப்பட்டாவால் அவர் மேலிருந்த தூசியைத் துடைத்து, தொட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்தாள்.

மறுநாள் நடுவர்கள் வந்தார்கள். மூத்தவர் பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரையும் ‘ஐயா’ என்பதற்குப் பதில் ‘முசியே’ என்பார். குனிந்து பார்த்து, இது யார் வீட்டுப் பொம்மை என்றார். எங்களோடது என்றார்கள். யார் வைத்தது என்றார். நாங்கதான் என்றார்கள். கடைசியில் தலைவியைப் பிடித்தார்.

“நீ நம்ம கோயில் பொண்ணு. ஒனக்குமா தெரியல?”

“தெரியும் தாத்தா. அவர எடுத்துட்டா இது எங்க குடில் இல்ல.”

அவர் என் பக்கம் திரும்பினார். “முசியே, படிச்சவரு நீங்க. நீங்களாச்சும் சொல்லுங்க, யாரோடது இது?”

பொம்மையின் அடியில் என் மனைவியின் பெயர் பெயின்டில் எழுதியிருப்பது எனக்குத் தெரியும்.

“தெருவோடதுங்க,” என்றேன்.

கேடயம் மோட்டார் வைத்து அருவி விட்ட தெருவுக்குப் போனது. எங்களுக்கு மூன்றாம் இடம்கூட இல்லை. அந்தப் பெண் அழுதாள்; ஏழு பேரும் அழுதார்கள். எந்த அழுகை யாருடையது என்று பெற்றவர்களுக்கே பிரித்தெடுக்கத் தெரியவில்லை.

இந்தக் கதையைக் கேட்ட அலுவலக நண்பர், பிள்ளையைத் தனியாக யோசிக்கப் பழக்குங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு ஏதாவது கொடிக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடும் என்றார். என் புத்தகங்களும் அதைத்தான் சொல்கின்றன. ஓடினாலும் ஓடலாம். ஆனால் நான் கண்ணால் பார்த்த கூட்டம் ஒரு மண்பொம்மையைக்கூட வெளியே தள்ளச் சம்மதிக்கவில்லை. தள்ளச் சொன்னவர்கள் அத்தனை பேரும் தனியாக யோசிக்கத் தெரிந்த பெரியவர்கள், நான் உட்பட. யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற வேண்டும் என்பதை இனி அலமாரியைக் கேட்டு முடிவுசெய்வதாக இல்லை.

அடுத்த டிசம்பரில் போட்டிப் படிவம் வந்தது. பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். போன வருஷம் நடுவரிடம் ‘தெருவோடது’ என்று சொன்னதற்குக் கூலியாக அது என்னிடம் வந்து சேர்ந்தது. பேர்களைக் கேட்டேன். மகள் ஏழு பேர் சொன்னாள். எதிர்வீட்டு அக்காவுக்குப் பதினைந்து ஆகிவிட்டதே, சேர்க்க மாட்டார்களே என்றேன்.

“அப்ப நாங்க சேரல,” என்று பசைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தெருமுனையில் அந்த அக்கா சாக்கு கிழித்துக்கொண்டிருந்தாள்.

படிவத்தை ஒரு பேர்கூட எழுதாமல் கோயிலில் திருப்பிக் கொடுத்தேன். யாரும் சேரவில்லையா, குடில் இல்லையா இந்த வருஷம் என்று கேட்டார்கள். குடில் உண்டு, வந்து பாருங்கள், மார்க் மட்டும் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.