ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு சுலபமான கேள்வி

எங்கள் வாட்ஸப் பொது அறிவுப் போட்டிக்கு இன்று ஸ்டெல்லா அக்கா திரும்பி வந்தார். கணவர் இறந்த பிறகு இதுதான் முதல் முறை. முன்பெல்லாம் துவாக்குடியிலிருந்து அவர் பதில்தான் முதலில் வந்து விழும்.

இன்று கேள்வி கேட்பது என் முறை. பஸ்ஸில் இருந்தபடியே போட்டேன்: “ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஓடும் ஆறு எது?”

குழுவில் எல்லோரும் திருச்சிக்காரர்கள். ஆனாலும் ஒருவரும் பதில் போடவில்லை. அக்காவுக்காகக் காத்திருந்தோம்.

“காவிரி” என்று போட்டார் அக்கா.

“சரியான விடை!” என்றேன். எல்லோரும் கைதட்டல் படம் போட்டார்கள்.

உடனே அக்காவின் குரல் பதிவு வந்தது.

“வடக்க ஓடுறது கொள்ளிடம்னு எனக்குத் தெரியாதா? யாராச்சும் திருத்துறீங்களான்னு பாத்தேன். பாவம் பாக்காம கஷ்டமா கேளுங்கப்பா.”

அக்காவையே திணறடிக்கும் கேள்வி இருந்தால் அனுப்புங்கள். இங்கே போடாதீர்கள், இதையும் அவர் படிக்கிறார்.