நிஷான்பாய் வீட்டுக்கு வந்த கடை ரொட்டி

அதிகாலை நாலே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தபோது ரிசாலத்தின் கைகள் மணிக்கட்டு வரை மாவில் இருந்தன. மருத்துவமனையிலிருந்து கொழுந்தன் பேசினான். அவள் கணவர் நிஷான்பாய் சற்று முன் இறந்துவிட்டார். "சரி" என்றாள். பிறகு மாவைப் பிசைந்து முடித்தாள். பாதியில் விட்ட மாவு வீண் என்று அவர்தான் சொல்வார்.

நிஷான்பாய் கோக்கந்த் நகரில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். பதினோரு வருடத்துக்கு முன், கடை ரொட்டி ஒன்று இருபது கிராம் குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றோடு கடை ரொட்டி வீட்டுக்குள் வரவில்லை. வாய்க்கால் களிமண்ணில் அவரே முற்றத்தில் தந்தூர் அடுப்பு கட்டினார். சைக்கிளில் பருத்திமார் கட்டி வந்தார். அடுப்பு இலவசம், விறகு இலவசம் என்று கணக்குச் சொன்னார்.

"மாவு பிசையிற என் தோளும் இலவசமா?" என்று ரிசாலத் ஒருமுறை கேட்டாள்.

"தோளு ஏற்கெனவே வீட்லதானே இருக்கு" என்றார்.

நேற்று மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "இங்க கடை ரொட்டிதான் குடுக்குறாங்க. நாளைக்கு நம்ம ரொட்டி ரெண்டு சுட்டு எடுத்துட்டு வா" என்றார்.

"டாக்டர் கஞ்சிதான் குடிக்கச் சொன்னாருங்க."

"திங்கவா கேட்டேன்? தலைமாட்டுல இருக்கட்டும்."

கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இறந்தவர் வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. ஏழு மணிக்கு மாவு பொங்கி மூடிய துணியைத் தூக்கியது. எட்டு மணிக்கு உடல் வந்தது. உடலோடு தெருவும் வந்தது, ஆளுக்கு ரெண்டு ரொட்டியாக. ஒவ்வொருத்தியிடமும் ரிசாலத், "கடையா, வீடா?" என்று கேட்டாள். எல்லாம் கடை. துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று பெண்கள் அவளுக்கு இன்னொரு கிண்ணம் தேநீர் ஊற்றினார்கள்.

நண்பகல் தொழுகைக்கு உடலை எடுத்துவிடுவார்கள். அவள் பக்கத்து வீட்டுத் துர்சுனாயைச் சுவரோரம் அழைத்தாள்.

"அக்கா, உங்க தந்தூரைக் குடுங்க. ரெண்டே ரொட்டி."

"அதுல கோழி அடைக்கு உக்காந்திருக்குடி. பதினோரு முட்டை."

"பதினோரு முட்டை என்ன வெலை?"

"இப்பத்தான்டி அவரு பொண்டாட்டி மாதிரி பேசுற" என்றாள் துர்சுனாய். போய்க் கோழியையும் முட்டைகளையும் எடுத்துக் கூடையில் வைத்தாள். கோழி அவள் கையைக் கொத்தியது.

நாள்பட்டுக் கிடந்த அடுப்பு. முதல் ரொட்டி உட்சுவரில் ஒட்டாமல் சாம்பலில் விழுந்தது. அடுத்த இரண்டும் ஒட்டின. பாடையைத் தூக்க ஆண்கள் குனிந்த நேரத்தில் ரிசாலத் சூட்டோடு அவற்றை எடுத்துவந்து தலைமாட்டில் வைத்தாள்.

"என்னம்மா இது?" என்றார் முல்லா.

"கேட்டிருந்தாரு."

முல்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் எல்லோரும் நின்றார்கள். பிறகு அவளே ரொட்டிகளை எடுத்துக்கொண்டாள். அவரைக் கொண்டுபோனார்கள். அன்றைய சாப்பாட்டு விரிப்பில் கடை ரொட்டிகளுக்கு மேலே அந்த இரண்டும் இருந்தன.

நாலாம் நாள் காலை அவள் தன் தந்தூருக்குப் பருத்திமார் எடுத்துப் போனாள். அதன் பக்கவாட்டில் ஒரு விரிசல். உடம்புக்கு முடியாமல் போன அன்று, ஆட்டு முடி கலந்த களிமண்ணால் நிஷான்பாய் அதைக் கீழிருந்து பூசிக்கொண்டு வந்தார். மேலே ஒரு சாண் பூசாமல் இருக்கிறது.