கிடங்கு நிறைந்தால் வருவார்கள்

என் கணவர் கணினியில் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்த வருடம், அவர் சொன்ன எதையும் நான் ஒரே தடவையில் நம்பியதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னை வெறும் சந்தேகப் பிராணி என்று நினைத்துவிடுவீர்கள்.

அவர் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தார். திங்கட்கிழமை விடியலில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவார். நான் இங்கே பஜாரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு தோறும் ஐந்து சட்டை இஸ்திரி போட்டு அவர் பையில் வைப்பேன். ஒரு வாரம் அந்த ஐந்தில் நான்கு, மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பி வந்தன. அடுத்த வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் ஒரு சட்டையின் மடிப்பில் குண்டூசி ஒன்றைக் குத்தி அனுப்பினேன். குத்திய இடத்திலேயே ஊசியும் வந்து சேர்ந்தது. என்ன இது என்று கேட்டேன். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார். வேலை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. திங்கள்தோறும் பஸ் ஏறிப் போய் ஒரு நண்பரின் அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறார். வேலை போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த மூன்று வாரமும் நான் சட்டை தேய்த்தேனே, அதை நினைத்தால்தான் வயிறு எரிந்தது.

அதன் பிறகு அவர் வீட்டோடு இருந்து, ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்த அந்த விளையாட்டைச் செய்ய உட்கார்ந்தார். பாறைக் குன்றுகளுக்கு நடுவே பதினைந்து பேர் வந்து இறங்குவார்கள். அவர்களுக்குக் குடிசை போட்டு, கிணறு வெட்டி, பயிர் வைத்து ஊராக்க வேண்டும். அவ்வப்போது கொள்ளைக்காரர்கள் வருவார்கள். தாக்குப்பிடித்தால் ஊர் நிற்கும், இல்லையென்றால் மறுபடி பதினைந்து பேர், மறுபடி கிணறு. முதல் பாகத்தை மட்டும் இணையத்தில் போட்டு, நாலு பேர் விளையாடி என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது திட்டம். அதற்கு முன் விளையாடிப் பார்க்க வீட்டில் கிடைத்த ஒரே ஆள் நான். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றேன். கரும்பு தின்னக் கூலி கேட்கிறாயே என்றார்.

மதியம் கடையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு விளையாட உட்காருவேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் நோட்டு வைத்துக்கொண்டு, நான் என்ன செய்கிறேன் என்று எழுதிக்கொள்வார். அந்த நோட்டே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆரம்பத்தில் கொள்ளைக்காரர்கள் வருவதற்கு அறிகுறியே கிடையாது. ஊர் அமைதியாக இருக்கும், ஒருத்தி தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பாள், சட்டென்று வடக்கே புகை. கொஞ்சமாவது முன்கூட்டிச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். சொல்லிவிட்டால் பயம் எங்கே இருக்கும் என்று அவர் கேட்டார். பின்ஜன்னலில் தெரிகிற கோட்டையைக் காட்டி, அங்கே படையெடுத்து வந்தவர்களெல்லாம் சீட்டு எழுதிப் போட்டுவிட்டா வந்தார்கள் என்றார். வந்தவன் அடிவாரத்தில் கூடாரம் போட்டு, ஆடு அறுத்து, அடுப்பு மூட்டி உட்கார்ந்திருப்பான், மேலே இருந்தவனுக்குக் கண் இல்லையா என்று நானும் விடவில்லை. கடைசியில் ஒரு கொம்பு ஊதும் சத்தத்தைச் சேர்த்தார். ஊதி முடிப்பதற்குள் அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கதவைத் தட்டிவிட்டு உடனே உள்ளே நுழைகிற விருந்தாளிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. கிடங்கில் கடலை மூட்டை நிறைகிற சமயமாகப் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்கள். ஒரு தடவை என்றால் தற்செயல். நான்கு தடவையும் அப்படியே நடந்தால் யாரோ உளவு சொல்கிறார்கள் என்று அர்த்தம். நேராகவே கேட்டேன். எல்லாம் குலுக்கல் மாதிரி, எப்போது வருவார்கள் என்று எனக்கே தெரியாது என்று சொன்னார். சொல்லும்போது நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

நான் சிங்கவரத்துக்காரி. எங்கள் பக்கம் மல்லாட்டை, அதாவது கடலை, பிடுங்கும் காலத்தில், எத்தனை மூட்டை கண்டது என்று யார் கேட்டாலும் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் நைனா, களம் நிறையக் குவிந்து கிடக்கும்போதே, "ஏதோ வெதைக்கு ஆச்சு" என்பார். கண் பட்டுவிடும் என்பது ஒன்று. விளைச்சல் தெரிந்தால் கேட்க வருகிறவர்களும் தெரிந்துகொள்வார்கள் என்பது இன்னொன்று. மூட்டைகளை ஒரே இடத்தில் அடுக்க மாட்டோம். கட்டிலுக்கு அடியில் இரண்டு, மாட்டுக்கொட்டகையில் மூன்று, சித்தப்பா வீட்டில் நான்கு என்று பிரிந்து கிடக்கும்.

விளையாட்டிலும் அதையே செய்தேன். கிடங்கைக் காலியாக வைத்துவிட்டு, குடிசைக்கு ஆறு மூட்டையாகப் பிரித்துப் போட்டேன். அறுவடை முடிந்தது. யாரும் வரவில்லை. இன்னொரு அறுவடையும் முடிந்தது. கொம்பும் ஊதவில்லை, புகையும் இல்லை. என் ஊர் கொழுத்துக்கொண்டே போனது.

அவர் முகம் மாறிவிட்டது. நிரலில் எங்கோ கோளாறு என்று முடிவு கட்டினார். நான்கு நாள் தேடினார். சோறு போட்டு வைத்தால் ஆறிப்போய்க் கிடக்கும், குளித்தாரோ இல்லையோ தெரியாது. இணையத்தில் போடுவதாகச் சொல்லியிருந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. விஷயம் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். சொல்லவில்லை. விஷயம் தெரிந்த ஆள் சொல்லாமல் பக்கத்திலேயே இருந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்று இருந்துவிட்டேன். முதல் இரண்டு நாள் அது இனித்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

நான்காம் நாள் அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. "கெடங்கப் பாத்துதான அவனுங்கள அனுப்புறீங்க? கெடங்குல ஒண்ணும் இல்ல. எல்லாம் குடிசைங்கள்ல இருக்குது," என்றேன்.

திரையில் ஒரு குடிசையைத் திறந்து பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். இப்படி ஒருத்தி மூட்டையைப் பதுக்குவாள் என்று நினைத்தே பார்க்கவில்லை என்றார். நான் சிரிக்கவில்லை. குலுக்கல் என்று சொன்னீர்களே என்றேன். விளையாடிப் பார்க்கிறவருக்கு உள்விஷயம் தெரிந்தால் சோதனையே கெட்டுவிடும், அதனால்தான் சொல்லவில்லை என்று விளக்கினார். அவர் தொழிலில் அது நியாயமாகவே இருக்கலாம்.

"அவனுங்க வர்றதுக்கு நான் பயப்படல," என்றேன். "எப்ப வருவானுங்கன்னு தெரிஞ்ச ஆளு பக்கத்துலயே குந்திகினு, தெரியாதுங்குறாரு பாருங்க, அதான் தாங்கல."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. நான் விளையாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று அவருக்கும் புரிந்தது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, அப்படியானால் எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும், நீயே சொல் என்றார்.

இரண்டு நாள் என்றேன். விளையாட்டில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஐந்து நிமிடம். அது மட்டும் போதாது, எதற்காக வருகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும் என்றேன். அவர் மாற்றினார். கிடங்கு நிறைய நிறைய, சந்தைக்குப் போய் வருகிறவர்கள் நம் ஊரைப் பற்றி வெளியே பேச்சு அடிபடுவதாகச் சொல்வார்கள். பிறகு ஓடைக்கரையில் தெரியாத காலடிகள் தெரியும். அதற்கும் பிறகுதான் கொம்பு. மூட்டையைப் பதுக்குகிறவர்களுக்கும் விடிவு இல்லை, குடிசைகளில் எலி சேர்ந்துவிடும்.

ஆனால் இரண்டு நாள் கொடுத்ததும் என் வண்டவாளம் வெளியே வந்தது. பேச்சு அடிபடுகிறது என்று கேட்ட உடனே எல்லாரையும் வயலிலிருந்து இழுத்துச் சுவர் கட்ட விட்டேன். இரண்டு நாளும் சுவர்தான். கடலை பிடுங்காமல் கிடந்து, மழை பெய்து, மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. கொள்ளைக்காரர்களை விரட்டி அடித்தோம், அப்புறம் பட்டினியில் ஏழு பேர் போனார்கள். எத்தனை நாள் கொடுத்தாலும் அத்தனை நாளும் சுவரே கட்டுகிறாய் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. சூடு கண்ட பூனை வேறு என்ன செய்யும்.

ஒரு நாள் என்று ஒத்துக்கொண்டோம். முதல் பாகத்தை இணையத்தில் போட்டார். சிலர் விளையாடினார்கள். ஒருவர் முன்னறிவிப்பு அதிகம் என்று எழுதினார், இன்னொருவர் போதவே போதாது என்று எழுதினார். இரண்டையும் எனக்குப் படித்துக் காட்டினார். அந்த நாட்களில் வீட்டில் பேச்சு கொஞ்சம் இலகுவாகியிருந்தது. நானும் தேறிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் எழுந்து வந்தார். பெங்களூரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும், விளையாட்டை ராத்திரியும் ஞாயிறும்தான் தொட முடியும், நீ வருகிறாயா இல்லை கொஞ்ச நாள் இங்கேயே இருக்கிறாயா என்று யோசித்துச் சொல் என்றார். "இன்னிக்குக் காலைல தான் மெயில் வந்துச்சு. நீ வந்ததும் மொதல்ல உங்கிட்ட சொல்றேன்," என்றார். ஒரு மாதம் முழுதாகக் கொடுத்திருந்தார். நான் கேட்டதும் இதைத்தானே.

பால் வாங்கிவர வெளியே போனார். கேட் சாத்துகிற சத்தம் கேட்ட உடனே அவர் கணினியில் போய் உட்கார்ந்தேன். மெயில் பெட்டி திறந்தே இருந்தது. வந்த நேரத்தைப் பார்த்தேன். அன்றைக்குக் காலை பத்தே கால். அது போதவில்லை எனக்கு. அதற்கு முன்னால் ஏதாவது வந்திருக்கிறதா என்று கீழே கீழே இறக்கிக்கொண்டே போனேன். அழித்ததெல்லாம் போய்ச் சேருகிற இடத்திலும் தேடினேன். ஒன்றுமே இல்லை. அவர் சொன்னது சொன்னபடியே இருந்தது.

நிமிர்ந்தபோது பால் பாக்கெட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், பதிலும் நாக்கு நுனியில் இருந்தது.

"சரியா இருந்துச்சா?" என்றார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நோட்டை வைத்துக்கொண்டு கேட்பாரே, அதே குரல்.

இருந்தது என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாலை ஊற்றினார். பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதற்கு எப்போதும் தயாராகத்தான் இருந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டுப் போன மனிதரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் அந்த நாற்காலியை விட்டு எழவே முடியவில்லை.