முதலில் டவருக்குச் சொல்லுங்கள்

காலை ஆறு மணியிருக்கும். கொட்டாஞ்சேனை வீட்டில் முதல் தேநீரை இன்னும் வாயில் வைக்கவில்லை, வெள்ளவத்தையிலிருந்து தயாபரனின் மனைவி சாந்தி அழைத்தார்.

“அண்ணா, இவர் விடிய அஞ்சு மணிக்குப் போயிட்டார். முதல்ல டவருக்குச் சொல்லு எண்டு சொல்லி வச்சவர். அதான் உங்களுக்கு முதல்ல எடுத்தனான்.”

டவர் என்பது நான். கப்டன் தயாபரன் விமானம் ஓட்டினான். நான் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்து, அவன் எப்போது ஏறலாம், எப்போது இறங்கலாம் என்று ரேடியோவில் சொன்னேன். அன்று சாந்தி மறுமுனையில் காத்திருந்தார். நான் ஒரு வார்த்தையும் பேசாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் அது பெரிய பிழை.

முப்பத்தோராம் நாளுக்கான இந்த நினைவு மலரில் எல்லோரும் அவனுடைய நற்குணங்களை எழுதியிருப்பீர்கள். எனக்கு அவன்மீது இருந்தது நாற்பது வருடப் பொறாமை. அதை மறைத்து எழுதினால் அவனே சிரிப்பான்.

அது தொடங்கிய இடம் இரத்மலானை விமான நிலையம். விமானியாக வேண்டும் என்று இருவரும் ஒன்றாகவே விண்ணப்பித்தோம். ஒரு சின்ன விமானத்தில் எங்களை ஏற்றிப் பார்த்தார்கள். பொல்கொடை வாவிக்கு மேலே அது சரிந்து திரும்பியதுதான் தாமதம், காலையில் மருதானையில் சாப்பிட்ட இடியப்பமும் சொதியும் என் புதுத் தொப்பிக்குள் வந்துவிட்டன. பின்னாலிருந்த தயாபரன் பயிற்றுநரிடம் மிகுந்த மரியாதையோடு சொன்னான்: “சேர், பாரம் குறைச்சாச்சு. இனி நல்லா ஏறும்.”

அதன் பிறகு இரண்டு முறை ஏறினேன். இரண்டு முறையும் அதே கதை. அவன் விமானி ஆனான், நான் தரையில் நின்றேன். அந்த வாந்திக் கதையை அவன் என் கல்யாணத்திலும் சொன்னான். என் மாமனார் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

அவனுக்குத் தரையிலும் ஆகாயப் பேச்சுத்தான். இறங்க முடியாத விமானம் மறுபடி மேலேறிச் சுற்றி வருவதை ‘கோ அரவுண்ட்’ என்போம். கல்யாண வீட்டுப் பந்தியில் கதிரை கிடைக்காவிட்டால், “கோ அரவுண்ட்!” என்று அறிவித்து, இரண்டு கைகளையும் விரித்தபடி மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். திரும்பி வரும்போது யாராவது சிரித்துக்கொண்டே இடம் விட்டிருப்பார்கள். ஓட்டோவில் ஏறினால் பெல்ட் கட்டுவதுபோல வயிற்றைத் தடவிவிட்டு, சாரதியைச் சிங்களத்தில் தம்பி என்று அழைத்து, “மல்லி, டேக் ஓஃப்!” என்பான். சாரதி ஹோர்ன் அடித்துச் சிரிப்பான். ஒருநாள் கொட்டாஞ்சேனையில் நானும் அதையே செய்து பார்த்தேன். “மாத்தயாட்ட சனீப நெத்த?” என்று சாரதி சிங்களத்தில் கவலையோடு கேட்டான். எனக்குச் சுகமில்லையோ என்று பயந்திருக்கிறான்.

சாந்தி கடைக்கு அனுப்பும்போது அவன் வாசலில் நிமிர்ந்து நிற்பான். “தேங்காய் ரெண்டு, கறிவேப்பிலை ஒரு கட்டு, முருங்கைக்காய் முத்தலெண்டால் வேண்டாம். சரியா, சாந்தி?” அவர் “சரி” என்று சொல்லும்வரை படியிறங்க மாட்டான். கோபுரம் எதைச் சொன்னாலும் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. வீட்டிலும் எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். “மச்சான், கேட்டுட்டன் எண்டால் காணாது. வாயால திருப்பிச் சொன்னாத்தான் உள்ள போனது தெரியும்,” என்றான்.

இனி, அவனைத் தவிர நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. அவன் கப்டனாக முதன்முதலில் விமானத்தைக் கொண்டுவந்த பிற்பகல். எங்கள் அலுவலகத்தில் அவனுக்காகக் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். நான் பதவி உயர்ந்தபோது யாரும் ஒரு பிஸ்கட்கூட வாங்கவில்லை. ரேடியோவில் அவன் குரல் வந்தது. ஓடுபாதை வெறுமையாகக் கிடந்தது. நான் அவனைக் கடலுக்கு மேலே சுற்றிக்கொண்டு நிற்கச் சொன்னேன். ஒரு காரணமும் இல்லை, பொறாமை மட்டும்தான். அவன் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னான். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது முடியுமுன்னே இறக்கிவிட்டேன்.

அந்த விமானத்தில் என் அயல்வீட்டுக்காரரும் வந்திருந்தார். “உங்கட கப்டன் என்ன மனுசன்! ‘வலது பக்கம் இருக்கிறவை நீர்கொழும்பைப் பாருங்கோ, வடிவாப் பாக்காட்டி இன்னொருக்காலும் காட்டுவன்’ எண்டார். எல்லாரும் கைதட்டினம்,” என்றார். நான் கொடுத்த தண்டனைக்கும் அவன் கைதட்டல் வாங்கிவிட்டான்.

போன மாதம் அவன் களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதைச் சொல்லிவிடத்தான் போனேன். “மச்சான், அண்டைக்கு உன்னைச் சுத்த விட்டனான்...” என்று ஆரம்பித்தேன்.

“ரன்வே வெறுமையாக் கிடந்தது,” என்றான். “தெரியும். வேற ஒருத்தற்ற குரலும் ரேடியோவில கேக்கேல்லையே.”

“பின்னை ஏன் நீ முறைப்பாடு குடுக்கேல்லை?”

“மூண்டாம் சுத்து எண்டால் குடுத்திருப்பன். நீ அதுக்கு முதல் இறக்கிட்டாய். அதோட, உன்ர வாந்திக் கதையை நானும் நாப்பது வருசம் சொல்லிப்போட்டன். கணக்குச் சரி.”

சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான். மன்னிப்பதிலும் அவன் என்னை முந்திவிட்டான். கட்டிலருகே நின்றபோதும் எனக்கு அவன்மீது பொறாமையாகத்தான் இருந்தது. இப்போது அந்தப் பொறாமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொறாமைப்பட வேறு ஒருவரும் எனக்கில்லை.

அவனுடைய தொப்பி மருமகனிடம் போயிற்று, படங்கள் சாந்தியிடம் இருக்கின்றன. நான் வைத்துக்கொண்டது, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் அவனுடைய பழக்கத்தை மட்டும்தான். அதைத்தான் அன்று காலை செய்யத் தவறினேன். சொன்னால் அது உள்ளே போய்விடும் என்று பயந்தேன்.

முப்பத்தொரு நாள் பிந்திவிட்டது, மன்னியுங்கள். டவர் திருப்பிச் சொல்கிறது:

இவர் விடிய அஞ்சு மணிக்குப் போயிட்டார்.

சரியா, சாந்தி?