எங்கள் வேம்பு பூக்காத உகாதி

வருடத்துக்கு இரண்டு வருடப் பிறப்பு உள்ள ஊர் எங்களுடையது. நாராயணவனத்துக்கும் புத்தூருக்கும் நடுவில், வீட்டுக்குள் தமிழும் வாசலைத் தாண்டினால் தெலுங்குமாகப் பேசிக்கொண்டு வாழ்ந்தவர்கள் நாங்கள். தெலுங்கு வருடத்துக்கு உகாதி: வேப்பம்பூ, மாங்காய், வெல்லம் எல்லாம் போட்டு ஒரு பச்சடி. பிறகு சித்திரை முதல் நாள் தமிழ் வருடம்: மறுபடியும் அதே பச்சடி. ஆனால் புதுத்துணி மட்டும் ஒன்றுதான். அதை எந்த வருடப் பிறப்புக்கு உடுத்துவது என்று முடிவு செய்கிறவள் அம்மா. அம்மாவோ வாசலில் நிற்கும் வேப்பமரத்தைக் கேட்டுக்கொண்டுதான் எதையும் முடிவு செய்வாள்.

வேப்பமரம் என்றில்லை, அம்மாவுக்கு எல்லாமே காலம் பார்த்துத்தான் நடக்க வேண்டும். சிவராத்திரி கழிந்தால்தான் பாய் வாசலுக்கு வரும். அதற்கு முதல் நாள் வியர்த்துக் கொட்டினாலும் உள்ளேதான் படுக்க வேண்டும். மாசியில் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்து முடிக்காமல் மாங்காய்ப் பக்கம் கண்ணைத் திருப்பக் கூடாது. சீதாப்பழம் ஐப்பசியில், நாவல் ஆடியில், வேர்க்கடலை வேகவைப்பது செடி பிடுங்குகிற அன்று. நினைத்தபோது நினைத்ததைத் தின்னலாம் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் செல்லாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, திருப்பதிக்கும் திருச்சானூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை பெருமையாகத் தை மாதத்தில் மாம்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "காலம் வராம வந்தத துன்னா ஒடம்பு கேக்காதுடா" என்று சொல்லி மாட்டுக்குப் போட்டுவிட்டாள். மாடும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது அம்மா வளர்த்த மாடு, வேறெப்படி இருக்கும்! மாமா அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழைப்பழம் மட்டும்தான் வாங்கி வருவார். நைனா, அதாவது எங்கள் அப்பா, "ஒங்கம்மா உத்தரவு குடுத்தாதான் மழையே எறங்கும்" என்பார், அம்மாவின் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

நான் சொல்ல வந்தது அக்கா இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்துவிட்டு வேலைக்குப் போன வருடத்தின் கதை. தடா பக்கம் போன் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் மாமா யாரையோ பிடித்து அக்காவுக்கு வேலை வாங்கிவிட்டார். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்களுடையது. திங்கட்கிழமைதோறும் புது ஆட்களைச் சேர்த்துக்கொள்வார்கள். "பண்டக அய்யாக்க ராம்மா" என்றாராம் அங்கிருந்த அதிகாரி, பண்டிகை முடித்து வா என்று. அக்கா தரையில் கால் பாவாமல் நடந்தாள். அம்மா மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. "வருசம் பொறக்கட்டும், அனுப்பறேன்" என்றாள். பழைய வருடத்தில் புது வேலைக்கு அனுப்புவது அவள் கணக்கில் கிடையாது.

அக்கா எப்போது போவாள் என்று அவளைவிட அதிகமாகக் காத்துக்கொண்டிருந்தவள் நான். காரணம் அவளுடைய சைக்கிள். பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, நீல நிறம், முன்னால் கூடை, மணி அடித்தால் தெரு முனை வரை கேட்கும். போகும்போது அதை எனக்கு விட்டுவிட்டுப் போவதாக அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். எனக்கு எட்டட்டும் என்று சீட்டைக்கூட இறக்கி வைத்துவிட்டாள். ஆனால் அவள் ஊரில் இருக்கும்வரை தொடக்கூடாது என்று ஒரு சட்டம். ஆகவே வருடம் பிறந்தாக வேண்டும், அக்கா கிளம்பியாக வேண்டும், சைக்கிள் என் கைக்கு வந்தாக வேண்டும். இவ்வளவும் வாசல் வேப்பமரத்தின் தலையில் இருந்தது.

அந்த மரம் பூக்கவில்லை. உகாதி அந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது என்றாலும், எதிர் வீட்டு மரம் பூத்துக்கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து மரம், ஏரிக்கரை மரம் எல்லாம் வெள்ளையாக நின்றன. எங்கள் மரம் மட்டும் பச்சைப் பசேலென்று, எனக்கென்ன என்பது போல நின்றது. உகாதிக்கு முதல் நாள் நைனா மாங்காயும் புது வெல்லமும் வாங்கி வந்து வைத்தார்.

"பூ எங்க?" என்றாள் அம்மா.

"எதிர் ஊட்ல ஒரு கொத்து ஒடிச்சிக்கினு வர வேண்டியதுதானே?"

"அவங்க மரம் பூத்தா அவங்க ஊட்டுக்கு வருசம் பொறந்துச்சின்னு அர்த்தம். நம்ம மரம் பூக்காம நமக்கு எப்படிப் பொறக்கும்?"

அக்காவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "யம்மா, கம்பெனிக்காரன் ஒன் மரத்தப் பாத்துக்கினா பண்டிகன்னு சொன்னான்?" என்றாள். அம்மா நிதானமாக மாங்காயை எடுத்து உறியில் வைத்தாள். "இன்னாத்துக்குக் கத்தற? சித்திரை ஒண்ணு கீதே, அதுக்குள்ள பூத்துடும்" என்றாள். இரண்டு வருடப் பிறப்பு உள்ள வீட்டில் ஒன்றைத் தள்ளிப்போடுவது எவ்வளவு சுலபம்!

ஊரே புதுத்துணி உடுத்திய அன்று நான் பழைய கவுனில் தெருவைச் சுற்றினேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் மேடம் எல்லோரையும் எழுப்பி, உகாதி பச்சடி தின்றீர்களா என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் எழுந்து நின்று, "மா செட்டு இங்கா பூயலேது மேடம்" என்றேன். எங்கள் மரம் இன்னும் பூக்கவில்லை என்று அர்த்தம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அந்த மரத்தின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

ஆனாலும் ஆத்திரப்பட்டுப் பிரயோஜனம் இல்லையே. நானே மரத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். அரிசி கழுவின தண்ணீர், துணி அலசின தண்ணீர், எது கிடைத்தாலும் வேரில் ஊற்றினேன். யாரும் பார்க்காதபோது மரத்தைக் கட்டிப்பிடித்து, "பூத்துடு, பூத்துடு" என்று கெஞ்சியும் பார்த்தேன். அம்மா பாட்டுக்கு விடியற்காலையில் எழுந்து, துரட்டியால் வேப்பங்கிளைகளை இழுத்து ஒடித்து ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் கடலைக்கொடி தின்கிற ஆடு அது. "இன்னாத்துக்கும்மா வேப்பங்கொழ?" என்று கேட்டேன். "ஆட்டுக்கு வயித்துல பூச்சி. கசப்பு துன்னாதான் போவும்" என்றாள். ஆடு தலையை ஆட்டி ஆட்டி மென்றது. அதன் தாடையில் பொடிப்பொடியாக வெள்ளையாய் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஊதிவிட்டேன். அந்த நாட்களில் அம்மா உருட்டிக் கொடுத்த சோறுகூடக் கசந்தது. கையைக் கழுவு என்று சண்டை போட்டேன். கழுவினாலும் போகவில்லை.

அடுத்த திங்கட்கிழமையும் போயிற்று. கம்பெனியிலிருந்து போன் செய்து, இன்னும் ஒரு வாரம்தான் பார்ப்போம், அப்புறம் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா உடனே மாமாவுக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் அழுதாள். மாமா, "நீ அழுவாதம்மா, மரத்தப் பூக்க வெக்கறது என் பொறுப்பு" என்றார்.

சொன்னபடி அந்த வாரக் கடைசிக்கு முந்தியே, அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆட்டோவில் வந்து இறங்கினார். பின் சீட்டு முழுக்க வேப்பம்பூக் கொத்து! திருச்சானூரில் எந்த மரத்தை மொட்டையடித்தாரோ தெரியாது. கையில் பூக்கடையில் வாங்கிய வாழைநார். சட்டையைக் கழற்றிவிட்டு மரத்தில் ஏறினார். நானும் அக்காவும் கொத்து கொத்தாக எடுத்து நீட்ட, அவர் கிளை கிளையாகக் கட்டினார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கீழ்க்கிளைகள் எல்லாம் பூத்துவிட்டன. "மேலயும் ரெண்டு கட்டு மாமா, அப்பதான் நம்புவாங்க" என்றேன். மாமா மேலே ஏறினார்.

ஏறியவர் கையிலிருந்த கொத்தைக் கட்டவில்லை. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ஒடிந்த கிளை ஒன்றின் நுனியைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா மாமா, மேல பூ கீதா?"

"ஒண்ணும் இல்ல பாப்பா" என்றார். பிறகு இறங்கி வந்து, கட்டின கொத்துகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பைத்தியமா மாமா ஒனக்கு? கட்டினத எதுக்கு அவுக்கற?" என்று அவர் காலைப் பிடித்து இழுத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். வெயிலில் வாடித் தொங்கிய ஒரு கொத்தைப் பிடித்து நாரை உருவினாள். "ஏன்டா, ஒங்க ஊர்ல வேப்பமரம்லாம் பூக்காரிகிட்ட நாரு வாங்கிக் கட்டிக்கினுதான் பூக்குமா?" என்றாள். அக்காவே குபீரென்று சிரித்துவிட்டாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "மேல வரிக்கும் ஏறிப் பாத்துட்டேன்க்கா" என்றார் மெதுவாக. அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், "கை கழுவிக்கினு வா, சோறு துன்னு" என்று உள்ளே போய்விட்டாள்.

சாப்பிட்டு எழுந்த மாமா கட்சி மாறிவிட்டார். "அதான் இந்த வாரம் முச்சூடும் கீதேம்மா, அவசரப்படாத. ஒங்கம்மாகூட ரெண்டு நாளு இருந்துட்டுப் போயேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார். ஒரு தட்டுச் சோற்றுக்கு விலைபோன மனுஷன் என்று நான் திட்டித் தீர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெருங்காற்று அடித்தது. அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலையிலும் முதுகிலும் கோலப்பொடிக் கிண்ணத்திலும் பொலபொலவென்று வேப்பம்பூ கொட்டியது. எது பொடி, எது பூ என்று தெரியவில்லை. நான் பாயிலிருந்து துள்ளி எழுந்து, "பூத்துட்டுது! பூத்துட்டுது!" என்று கூவினேன். அம்மா அப்படியே குந்தியபடி மேலே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போ, அக்காவ எழுப்பு. இன்னிக்கி நமக்கு வருசப் பொறப்பு" என்றாள்.

ஊருக்கெல்லாம் பழசாகிப்போன வருடம் எங்கள் வீட்டில் அன்றுதான் பிறந்தது. நான் புதுப்பாவாடை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "இன்னாடி, ஒங்க ஊட்ல மட்டும் இன்னிக்கி பண்டிகையா?" என்று தெருவே கேட்டது. "எங்க மரம் இன்னிக்கிதான் பூத்துச்சி" என்று பெருமையாகச் சொன்னேன். பச்சடியில் என் பங்குக்கு வந்தது முழுக்க வேப்பம்பூ. அக்காவின் கிண்ணத்தில் பார்த்தால் முழுக்க வெல்லம்! இது என்ன அநியாயம் என்று கத்தினேன். நைனா தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "சும்மா துன்னு" என்றார்.

மறுநாள் விடிந்ததும் மாமாவின் ஆட்டோ வந்து நின்றது. அக்காவின் பையில் அம்மா புதுப்புளியும் வறுத்த கடலையும் திணித்துக்கொண்டே இருந்தாள். ஜிப் மூடவில்லை. ஹாஸ்டலில் எல்லாம் கிடைக்கும் என்று அக்கா சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. அக்கா ஏறி உட்கார்ந்து, மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். துரட்டி எட்டாத உச்சியில் மட்டும் வெள்ளை வெளேரென்று பூ. எட்டும் உயரத்தில் ஒன்றுகூட இல்லை. இந்த மரத்துக்கு உச்சியில் மட்டும்தான் பூக்கத் தெரியும்போல என்று நினைத்தேன். அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவள் விடவே இல்லை. நான் சைக்கிள் பக்கத்தில் நின்று, சீக்கிரம் போயேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆட்டோ போனதும் தெருவில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். துரட்டி எரவாணத்தில் செருகியிருந்தது. அம்மா ஆட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பழையபடி கடலைக்கொடி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஆட்டுக்கு இனிமே வேப்பங்கொழ வாணாமா?"

"வாணாம்" என்றாள் அம்மா.

அப்படியானால் பூச்சி எல்லாம் செத்துவிட்டது, ஆடு பிழைத்துக்கொண்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த நல்ல சேதியைத் தெருவுக்கெல்லாம் சொல்ல, மணியை விடாமல் அடித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.