முப்பதுக்கு முப்பது

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்ததும் ஆடு அறுக்கக் கசாப்புக்காரர் முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். பத்து நாளில் ஐந்து முறை போய் நச்சரித்ததன் பலன். இறைச்சி பதினைந்து கிலோ. மீன் கடையில் இரவல் வாங்கிய தராசில் நிறுத்து, அரைக்கிலோ வீதம் முப்பது கவர் போட்டேன். வீட்டுக்குப் பத்து, சொந்தக்காரர்களுக்குப் பத்து, ஏழைகளுக்குப் பத்து. ஒவ்வொரு கவரிலும் மார்க்கர் பேனாவால் எண். முப்பத்தொரு வருடம் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவன் கை சும்மா இருக்காது.

"கறிக்கு நம்பர் போடுற ஆள இங்கதான் பாக்குறேன்" என்றாள் மனைவி.

இறைச்சியும் ரத்தமும் அல்லாஹ்வைப் போய்ச் சேராது, உள்ளத்தில் இருப்பதுதான் சேரும் என்று காலையில் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார். உள்ளத்தை நிறுக்கத் தராசு இல்லை, அதுதான் என் கவலை. நிறுக்க முடிந்ததையாவது பிசகாமல் கொடுத்துவிட நினைத்தேன்.

நோட்டில் முப்பது வரி. கொடுக்கக் கொடுக்க ஒரு டிக். சொந்தக்காரர் வீடுகள் முடிந்தன. கணவனை இழந்து, இறால் உரித்துப் பிழைக்கும் பின்வீட்டுப் பெண்ணுக்கு இருபத்திரண்டாம் கவர். பிறகு வாசலில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். பதினொன்றரைக்கு நோட்டு நிரம்பியது. முப்பதுக்கு முப்பது. நெஞ்சு நிறைந்து உட்கார்ந்தேன்.

"நம்ம கூறு எங்கங்க?" என்று கேட்டபடி வந்தாள் மனைவி.

எண் போட்டவன் எண்ணைப் பார்க்கவில்லை, டிக்கை மட்டுமே பார்த்திருக்கிறேன். வீட்டுக் கவர் பத்தும் வாசலோடு போய்விட்டன. ஒன்றரை மணிக்கு மகளும், சவூதியிலிருந்து மூன்று வருடம் கழித்து வந்திருக்கும் மருமகனும் சாப்பிட வருகிறார்கள். கறிக்கடை எதுவும் திறந்திருக்காது. சொந்தக்காரர் வீட்டு ஆடுகள் அறுக்க ஆள் வராமல் இன்னும் நின்று இலை தின்றுகொண்டிருந்தன.

"குடுத்ததுல ஒண்ணத் திருப்பி வாங்கிட்டு வரவா?"

"போயிட்டு அப்படியே அங்கிட்டே இருந்துக்கங்க! பெருநாளும் அதுவுமா மாப்பிள்ளைக்குக் கருவாடா வைப்பேன்?"

அவள் சத்தம் மதிலைத் தாண்டியிருக்க வேண்டும். பின்வீட்டுப் பெண் கையில் கவரோடு வந்து நின்றாள். எண் இருபத்திரண்டு.

"இந்தாங்க மாமா."

"இது ஏழைங்க பங்கும்மா. நான் வாங்கக் கூடாது."

"எனக்குக் குடுத்தீங்கள்ல, அப்ப எனக்குச் சொந்தமா இல்லையா?"

"சொந்தந்தான்."

"என் சொந்தத்த நான் குடுக்குறேன். வருசா வருசம் நானே வாங்கிக்கிட்டு இருக்கணுமா? இன்னைக்கு ஒங்க வீட்லதான் ஒரு துண்டு இல்ல."

மனைவி கவரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"ஒண்ணு மட்டும் மாமா. இது நான் குடுத்த கறின்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லணும். ஒங்க ஆட்டுப் பெருமைய அளக்கக் கூடாது."

அந்த ஆட்டை நாற்பத்து மூன்று நாள் நான்தான் தீனி போட்டு வளர்த்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

மொத்தம் பதினான்கு துண்டு. மருமகன் இலையில் எட்டு, மகளுக்கு மூன்று, மனைவிக்கு இரண்டு, எனக்கு ஒன்று, அதுவும் எலும்பு.

"கறி பஞ்சாட்டம் இருக்கு மாமா. நம்ம ஆடா?" என்றார் மருமகன்.

மனைவி என்னையே பார்த்தாள். கொல்லைப் பக்கம் மதிலுக்கு மேலே ஒரு முக்காட்டு நுனி தெரிந்தது.

"இல்ல மாப்பிள்ளை" என்றேன். என் எலும்பை இலையோரம் ஒதுக்கினேன். "பின்வீட்டம்மா குடுத்தது. நம்ம வீட்ல கறி இல்லன்னு குடுத்தாங்க."

மதிலுக்கு அங்கிட்டிருந்து குரல் வந்தது:

"பத்தலன்னா கூச்சப்படாமச் சொல்லுங்க மாமா!"