இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் மூன்றாம் இடம்

அக்கா மகள் மின்சாரக் கார்ப் பந்தயத்துக்கு மாறி மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் பதினொரு வருடம் பெட்ரோல் கார்கள். அவள் ஓட்டிய ஒவ்வொரு பந்தயத்தையும் நாள், ஊர், புறப்பட்ட இடம், முடித்த இடம் என்று நோட்டில் எழுதி வருகிறேன். யாரும் கேட்டு எழுதவில்லை. ஒரு நாள் விட்டுப்போனாலும் எனக்கு உறுத்தும்.

மின்சாரப் பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு மின்சாரம்தான். அதைத் தாண்டிச் செலவழித்தால் முடிவிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் சற்று முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, காரைத் தானாக உருளவிட வேண்டும். முதல் வருடம் அது அவளுக்கு வரவேயில்லை. பதினாறாவது, பதினெட்டாவது என்றே முடித்தாள்.

"கடைசி விசிலுக்கு முன்னாடியே நான் குக்கரை அணைக்கறேனே, மிச்சம் அந்தச் சூட்டுலயே வெந்துடும். அதுதானேடி?" என்றாள் அக்கா.

"அதேதாம்மா. ஆனா உன் குக்கரை இருபது பேர் துரத்தலையே."

போன வருடத்தின் கடைசிப் பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் ஒப்பந்தமும் அதோடு முடிந்தது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மறுபடி கார் உண்டு, இல்லையென்றால் வேறு ஆள் என்று அணியில் சொல்லிவிட்டார்கள். மாட்டுங்காவில் ரயில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, பந்தயம் பார்க்கத் திலக் நகரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்.

மாலை 5.40க்கு மூன்றாவதாக முடித்தாள். அக்கா என்னைப் பேடா வாங்க விரட்டினாள்.

"அதிகாரபூர்வ முடிவு வரட்டுமே அக்கா."

"உனக்கு எல்லாத்துக்கும் ரப்பர் ஸ்டாம்ப் வேணும். கண்ணால பாத்தாச்சு, போடா!"

நான்கு மாடிக்கும் பேடா போனது. நானும் நோட்டில் மையிலேயே '3' என்று எழுதிவிட்டேன்.

7.50க்கு அக்கா மகளே போன் செய்தாள். கடைசிச் சுற்றில் அனுமதித்ததைவிடத் துளி அதிகமாக மின்சாரம் செலவாகியிருந்தது. முடிவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"ஒரே ஒரு வளைவுல காலை எடுக்கலை மாமா. பின்னாடி ஒருத்தன் ஒட்டிக்கிட்டே வந்தான். எடுத்திருந்தா நாலாவது. நாலாவதா வந்தா சீட் கிடையாதே."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

இரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்ட இரண்டாம் மாடி மாமி, மூன்றாம் இடத்துக்காகக் கைகுலுக்கினாள். நான் திருத்த வாயெடுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். தகவல் தப்பென்று தெரிந்தும் நான் பேசாமலிருந்தது அன்றுதான்.

இரண்டு வாரம் கழித்து அவள் ஊருக்கு வந்தபோது, கட்டட வாசலில் மாடி வீட்டுக்காரர்கள் மாலையோடு நின்றார்கள். அவள் மாலையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: "மூணாவது போயிடுச்சு ஆன்ட்டி. பேட்டரி அதிகமா செலவு பண்ணிட்டேன்."

"அரே, பேட்டரி கொடுத்ததே அவங்கதானே!" என்றாள் இரண்டாம் மாடி மாமி. முதலில் சிரித்தது அக்கா மகள்தான்.

சீட் போனது. அதே அணி வேறொரு வேலை கொடுத்தது. ஜன்னலில்லாத அறையில், திரைக்கு முன் அசையாத காரில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டப்போகும் பந்தயத்தை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் வேலை. நான்கு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள் சம்மதித்து, பெட்டி அடுக்கினாள்.

"அதுலயும் பேட்டரி தீருமாடி?" என்றாள் அக்கா, துணியை மடித்துக் கொடுத்தபடி.

"நிஜத்துல தீர்ற மாதிரியே தீரும்மா."

"அப்ப பாத்து ஓட்டு."